பிறர் இடும் கையொப்பம்

2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் இரண்டு கடித உறைகள் கிடந்தன. ஒன்றனுள், கனடாவின் ஸ்காபுறோவில் வாழும் நாற்பத்தொரு வயதினர் ஒருவரின் சாதகக் குறிப்பும் நிழற்படமும் இருந்தன. மற்றதனுள், வட இங்கிலாந்திலுள்ள முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் எனக்கு வேலையுண்டு என்று கூறும் கடிதத்தின் பிரதியும், அதற்காக நான் செலுத்தவேண்டிய தொகையைப் பென்சிலால் குறித்த ஒரு துண்டுத் தாளும் இருந்தன. முன்னையதைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊரவரான கலியாணத் தரகர். பின்னையதைத் தந்தவர் காலி வீதியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு முகவர்.

அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் ஸ்பொன்சர்தானே பிள்ளை. ஒண்டிலை தாலி இருக்கு, மற்றதிலை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

நான் தமிழாசிரியை. ஒரு சொல் காதில் விழுந்தால் அதற்கு ஈடான இன்னொரு சொல்லைத் தேடிப் புறப்பட்டுவிடுவது என் தொழில் தந்த நோய். அம்மா சொன்ன அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடி அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தேன். அனுசரணையாளர் என்பர் வானொலிக்காரர். அது சவர்க்காரக் கொம்பனிக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் பொருந்துமேயன்றி மனிதருக்குப் பொருந்தாது. பிணைநிற்பவர் என்பதே உண்மைக்கு மிகக் கிட்ட வருகிறது. மறியலில் இருப்பவனை வெளியே எடுப்பதற்கு ஒருவர் நீதிமன்றத்தில் கையொப்பமிடுகிறார். எம்மவரை ஒரு நாட்டின் எல்லைக்கு உள்ளே எடுப்பதற்கு வேறொருவர் கையொப்பமிடுகிறார். பிணை என்பதற்குப் பெண்மான் என்றும் ஒரு பொருளுண்டு என்பது நினைவுக்கு வந்தபோது, அந்த நள்ளிரவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

என்னுடைய நிலையையும் இங்கே கூறிவிடவேண்டும். எனக்கு அப்போது வயது முப்பத்துநான்கு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவள். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவருக்குக் கற்பிக்கிறேன். 1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, ஆறு வயதுச் சிறுமியாகத் தந்தையாரின் சைக்கிளின் முன்பாரில் அமர்ந்து செம்மணி வெளியைக் கடந்தேன். மறு ஆண்டு கொழும்புக்கு வந்தோம். தந்தையார் இன்று இல்லை. தம்பி கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறான்.

போகவேண்டும் என்ற எண்ணம் எனக்கு இளமையில் இருந்ததில்லை. 2021ஆம் ஆண்டு யூலை முதல் ஒக்டோபர் வரை நாடளாவ நடந்த ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் நானும் நின்றவள். எங்கள் தொழிலுக்கு இந்நாட்டில் மதிப்பு உண்டாகும் என்று அப்போது நம்பினேன். அடுத்த ஆண்டு அந்த நம்பிக்கையின் அடித்தளமே ஆட்டங்கண்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாய்க்கு விற்ற அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. என் சம்பளத் தாளிலிருந்த இலக்கம் மாறவில்லை. ஆனால் அந்த இலக்கத்தைக் கொண்டு கடைக்குப் போனபோது அது பாதியளவு பொருளைத்தான் வாங்கியது. அவ்வாண்டு யூனில், அரச உத்தியோகத்தர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் எனச் சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஆசிரியர் அறையில் அதை வாசிக்காதவர் ஒருவருமில்லை. பாடவிதானச் சுற்றறிக்கைகளுக்கு அத்தகைய பாக்கியம் என்றும் கிட்டியதில்லை.

இனி அந்த இரு உறைகளுக்கும் வருகிறேன். இரண்டுக்கும் பொதுவான பொருளொன்று இருந்தது. கோப்பாயில் தந்தையார் என் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன ஐந்து பரப்புக் காணியே அது. தரகர் அதைச் சீதனம் என்றார். முகவர் அதைச் செலவு என்றார். "மாப்பிள்ளை பகுதி ஒண்டும் கேக்கேல்லை. ஆனால் குடுக்கிறதை வேண்டாம் எண்டும் சொல்லமாட்டினம்" என்பது தரகரின் இராசதந்திரம். முகவருக்கு அத்தகைய நாசூக்கு எதுவுமில்லை. பிரித்தானியாவில், வேலை தேடுபவரிடம் வேலை தேடிக்கொடுப்பதற்காகப் பணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்துவிட்டது என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். அறிந்து அவரிடம் கூறியபோது, "அது அங்கை, இது இங்கை ரீச்சர்" என்றார்.

எங்கள் தேசவழமையில் ஒரு விதி இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில், 1911இல், யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம் அதனை எழுத்தில் பொறித்தது. மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்பதானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் காரணமின்றி மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். மணமாகாத பெண்ணுக்கு இத்தளை இல்லை. ஆகவே காணியை விற்று முகவருக்குக் கொடுப்பதானால், அதைக் கன்னியாக இருக்கும்போதே செய்துவிடவேண்டும். மணம் செய்துகொண்டால் அந்தக் காணியில் என் கையொப்பம் தனித்து நிற்காது. பல்கலைக்கழகத்தில் பெண்ணுரிமை பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் சொந்தக் காணியைப் பற்றிய இச்செய்தியை, உறுதியை எழுதிய நொத்தாரிசின் வாயிலாக முப்பத்துநான்காம் வயதிலேயே அறிந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறேன்.

திருமணத்தின் மூலம் கடல் கடப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று. என் பூட்டி ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவள். பூட்டனார் அங்கு இரயில்வேயில் எழுதுவினைஞர். விடுமுறையில் வந்து மணம் முடித்து அழைத்துச் சென்றார். கோலாலம்பூரில் இரயில்வேக் குடியிருப்பில் அவள் முருங்கை நட்ட கதையை அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரிவு என்ற ஒன்று இருந்ததில்லை. ஆனால் இலங்கையும் மலாயாவும் அன்று ஒரே முடியின் கீழ் இருந்தன. அவளுடைய தாம்பத்தியம் மெய்யா பொய்யா என்று எந்தக் கந்தோரும் அவளைக் கேள்வி கேட்டதாகக் கதையில் இல்லை. ஓய்வூதியத்துடன் திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். அந்தக் கல்வீடு நின்ற நிலமே இன்று என் பெயரிலுள்ள ஐந்து பரப்பு.

1983 யூலைக்குப் பின்னர் நிலைமை வேறாயிற்று. ஆண்கள் அகதிகளாகப் போனார்கள். அகதியாகப் போனவன் ஊருக்குத் திரும்பி வந்து மணம் முடிக்க முடியாது. ஆகையால் பெண் புறப்பட்டாள். சென்னையிலோ திருச்சியிலோ சிங்கப்பூரிலோ தாலி கட்டுவார்கள். அதற்கு முன்னரும் பின்னரும் பெண் காத்திருப்பதற்கு அமைந்த இடந்தான் கொழும்பு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வெள்ளவத்தையில் வளர்ந்த எந்தச் சிறுமிக்கும் இக்காட்சி நினைவிருக்கும். காலி வீதியோரத் தொலைபேசி நிலையங்களின் கண்ணாடிக் கூண்டுகளில், வடக்கிலிருந்து வந்த அக்காமார் வாங்குவாங்காய்க் காத்திருந்து, தாம் ஒருதரமும் கண்டிராத மணமகனுடன் நிமிடக் கணக்குப் பார்த்துப் பேசுவார்கள். வெளியே காத்துநிற்கும் தாய்மார் கண்ணாடியூடாக மகளின் முகத்தை வாசிப்பார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்த லொட்ஜுகளில் மாதக் கணக்காக, சிலபோது ஆண்டுக் கணக்காக, இவ்வாறு தங்கியிருந்தோர் பலர். தூதரகத்தின் நேர்முகத்துக்கு ஒரு நாள், மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு நாள், பொலிஸ் பதிவுக்கு ஒரு நாள்.

2007 யூன் ஏழாம் திகதி விடியற்காலையில் அந்த லொட்ஜுகளிலிருந்த தமிழர் 370க்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கும் கிழக்குக்குமாக அனுப்பினார்கள். பெண்களும் அவர்களுள் இருந்தனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். எனக்கு அப்போது பதினேழு வயது. என் பெரியம்மாவின் மகள் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் கனடாவுக்கான கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவள், அன்றிரவு தற்செயலாக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். அவளுடைய கட்டிலின் கீழிருந்த பெட்டியினுள் கூறைச்சேலை இருந்தது. மூன்றாம் நாள் போய் அந்தப் பெட்டியை எடுத்துவந்தோம். அதே அறையிலிருந்த மற்றப் பெண் என்ன ஆனாள் என்பது இன்றுவரை தெரியாது.

இவற்றையெல்லாம் கண்டு வளர்ந்ததனாலேதான், ஒருவன் கையொப்பத்துக்காகக் கழுத்தை நீட்டுவதில்லை என்று இளமையிலேயே உறுதிகொண்டேன். உழைத்து உண்பதே மானம், உழைப்பின் பெயரால் கடல் கடப்பதே கௌரவம் என்பது என் கொள்கை. அம்மா இரு உறைகளையும் ஒரே சொல்லால் அழைத்தபோது எனக்கு எழுந்த சினம் இக்கொள்கையிலிருந்து எழுந்தது. வாசகர்களுட் பலரும் என் பக்கமே நிற்பார்கள் என்று அன்று நினைத்திருப்பேன். ஆனால் அந்தக் கொள்கையை நான் சட்டப் புத்தகத்தோடு ஒருபோதும் ஒப்புநோக்கியதில்லை.

இவ்விடத்தில் இரு பெண்களைப் பற்றிச் சொல்லவேண்டும். முதலாமவள் பேராதனையில் என் அறைத் தோழி. படிப்பு முடிந்ததும் மணம் பேசி ரொறொன்ரோவுக்குப் போனாள். அவள் போன காலத்தில் கனடாவில் ஒரு விதி இருந்தது. 2012 ஒக்டோபரில் வந்தது. மணமாகி இரண்டு ஆண்டு நிறையாத, பிள்ளையில்லாத துணைவர் அங்கு இறங்கியபின் இரண்டு ஆண்டுகள் கணவனுடனோ மனைவியுடனோ சேர்ந்து வாழவேண்டும். அன்றேல் வதிவிட உரிமை போய்விடும். கொடுமைக்கு ஆளானோருக்கு விதிவிலக்கு எழுதப்பட்டிருந்தது. ஆனால் கொடுமையை ஆங்கிலத்தில் நிரூபிக்கவேண்டும். தோழியின் கணவர் கைநீட்டியவரல்லர். கோபம் வந்தால் மட்டும், "ஒரு கடிதம் போட்டாப் போதும் உனக்கு" என்பாராம். அதை அவர் எழுதவேண்டிய தேவையே இருக்கவில்லை. சொல்லப்பட்ட கடிதமே இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்தது. சோற்றில் உப்புக் கூடினாலும் அக்கடிதம் எழும். 2017 ஏப்ரலில் கனடிய அரசு அந்த விதியை நீக்கியது. தோழிக்கு அது பிந்திவந்த செய்தி. ஆனால் இன்று அவ்வாறு செல்பவள் இறங்கும்போதே நிரந்தர வதிவிடத்துடன் இறங்குகிறாள். மூன்று ஆண்டுகள் அவளைத் தாபரிப்பதாக எழுதிக்கொடுக்கும் கடப்பாடு கணவனைக் கட்டுமேயன்றி அவளைக் கட்டாது.

இரண்டாமவள் என் மாணவி. கொட்டாஞ்சேனையில் தோட்டத்துப் பூர்வீகமுள்ள குடும்பத்தில் பிறந்தவள். 2023இல் பராமரிப்புத் தொழிலாளியாக இங்கிலாந்துக்குப் போனாள். அந்நாட்டு அரசு 2022 பெப்ரவரியில் அத்தொழிலுக்குக் கதவைத் திறந்திருந்தது. தாயின் நகை அடகுக்குப் போயிற்று. மிகுதி வட்டிக்கு வாங்கிய பணம். போய் எட்டு மாதத்தில், அவளை அழைத்த நிறுவனத்தின் அனுமதிப்பத்திரத்தை அரசு பறித்துவிட்டது. குற்றஞ் செய்தது நிறுவனம். ஆனால் அறுபது நாட்களுக்குள் வேறோர் எசமானரைத் தேடிக்கொள், அல்லது நாட்டைவிட்டுப் போ என்ற கடிதம் அவளுக்குத்தான் வந்தது. 2022 யூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் அனுமதி இவ்வாறு பறிக்கப்பட்டது என்றும், அவற்றோடு தொடர்புற்றிருந்த தொழிலாளர் 39,000 பேருக்கும் மேல் என்றும் பிரித்தானிய அரசே பின்னர் கூறியது. என் மாணவி ஐம்பத்தாறாம் நாள் வேறோர் இல்லத்தைக் கண்டுபிடித்தாள். அந்த ஐம்பத்தாறு நாட்களும் நள்ளிரவில் எனக்குக் குரற்பதிவுகள் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவற்றுள் ஒன்றில் அவள் அழவில்லை. விண்ணப்பக் கடிதமொன்றை எனக்கு வாசித்துக் காட்டி, "ரீச்சர், இதில வசனம் சரியா?" என்று கேட்டாள். ஆங்கில வசனத்தைத் தமிழாசிரியையிடம் கேட்கும் அளவுக்கு அவளுக்கு அங்கு ஆளில்லை.

என் கொள்கை இவ்வாறு தலைகீழாயிற்று. உழைப்பால் போனவளின் வாழ்வு ஒரு கொம்பனியின் அனுமதிப்பத்திரத்தில் தொங்கியது. தாலியால் போகிறவளின் உரிமை, காகிதத்தைப் பொறுத்தவரை, விமான நிலையத்திலேயே அவளுடையதாகிவிடுகிறது. காகிதத்தைப் பொறுத்தவரை என்பதை அழுத்திக் கூறுகிறேன். சீதனக் காணியும், மாமியாரின் நாவும், "தம்பியையும் எடுத்துவிடு" என்று இங்கிருந்து எழும் குரலும் எந்த நாட்டின் குடிவரவுச் சட்டத்திலும் எழுதப்பட்டில்லை. பிரித்தானியாவுக்கு மணமுடித்துப் போவதாயின் கணக்கே வேறு. அங்கு வாழ்பவரின் ஆண்டு வருமானம் 2024 ஏப்ரலிலிருந்து 29,000 பவுணுக்குக் குறையக்கூடாது. மனைவி நிரந்தர உரிமை பெறுவதற்கு ஐந்தாண்டு காத்திருக்கவேண்டும். ஆகவே திருமணம் அடிமைத்தனம், வேலை விடுதலை என்று நான் வகுத்துவைத்திருந்த பிரிவு, எந்த நாடு எந்த ஆண்டு என்ற கேள்வியின் முன் நிற்கவில்லை.

இதனைத் தெரிவு என்று அழைப்பதற்கும் எனக்குத் தயக்கமுண்டு. என் வகுப்பிலுள்ள பிள்ளைகளுள் சிலரின் தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலை செய்கிறார்கள். அவர்களுடைய மேசையில் ஒருநாளும் இரண்டு உறைகள் கிடந்ததில்லை. 2013இலிருந்து 2022வரை, வீட்டுப்பணிக்குச் செல்லும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் காட்டவேண்டியிருந்தது. சிறு பிள்ளையை வீட்டில் பார்ப்பவர் யார், கணவன் சம்மதிக்கிறானா என்றெல்லாம் உத்தியோகத்தர் விசாரித்து எழுதுவார்கள். கணவன்மாருக்கு அத்தகைய அறிக்கை ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. இங்கே கணவனின் கையொப்பம், அங்கே எசமானின் கையொப்பம். பிணைக்கு இரண்டு பேர். இத்தாய்மாருள் ஒருத்தி பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தபோது, எனக்குக் கனடாவில் மணம் பேசுகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "போங்க டீச்சர், அங்க பாஸ்போட்ட பிடுங்கி வைக்கமாட்டாங்க" என்றாள். அவளுடைய அளவுகோல் அதுவாக இருந்தது.

முகவருக்கு நான் பணம் கொடுக்கவில்லை. மார்ச் பதினோராந் திகதிக்குப் பின் குடும்பத்தவரைக் கூட்டிச்செல்ல முடியாது, சட்டம் வருகிறது, விரைந்து கட்டுங்கள் என்று அவர் அவசரப்படுத்தினார். சட்டம் உண்மையாகவே வந்தது. 2025 யூலை 22இல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புத் தொழிலாளரை எடுப்பதற்கான வழியையே மூடிவிட்டார்கள். அன்று அம்மா அந்த உறையை எடுத்து, அதன் பின்புறத்தில் பலசரக்குக் கணக்கு எழுதத் தொடங்கினார்.

கனடாக்காரருடன் பேசுவதற்கு நான் ஆறு மாதம் உடன்படவில்லை. பின்னர் ஒருநாள் பேசினேன். அவருக்குக் காலை ஏழு மணி, இரவு வேலை முடிந்து வந்திருந்தார். எனக்குப் பிற்பகல் நாலரை. என்னை ரீச்சர் என்றே அழைத்தார். தாம் எப்படிப் போனவர் என்பதைத் தரகர் மறைத்திருந்தார். அவரோ முதல் பேச்சிலேயே சொன்னார். 2010 ஆகஸ்ட் 13இல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்த சன் சீ என்ற கப்பலில் 492 பேர் இருந்தார்கள். அவர் அவர்களுள் ஒருவர். ஏறத்தாழ மூன்று மாதம் கடலில். இறங்கியதும் மறியல். வழக்கு முடிய ஆண்டுகள் பல சென்றன. நிரந்தர வதிவிடம் கிடைத்திருக்கிறது, குடியுரிமை இன்னும் இல்லை. அகதியாக ஏற்கப்பட்டவர் தாம் விட்டுவந்த நாட்டுக்குத் திரும்பிப் போய்வந்தால், 2012 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி வதிவிட உரிமையையே இழக்கக்கூடும். ஆகையால் அவர் இலங்கைக்கு வர முடியாது. எனக்காகப் பிணைநிற்க இருந்தவரும் பிணையில் நிற்பவர்தாம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

நான் அவரிடம் என் காணியைப் பற்றியும் முகவரைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்: "ரீச்சர், நீங்கள் இங்கை வாறதுக்குக் கதைக்கிறியளோ, அங்கையிருந்து போறதுக்குக் கதைக்கிறியளோ?"

இதே வேறுபாட்டைத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்திலிருந்து ஆண்டுதோறும் கற்பித்து வருகிறேன். வருவதும் தருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியன. கனடா போவது, லண்டன் போவது என்றே நாங்கள் வீட்டில் இதுவரை பேசியிருந்தோம். ஒரு மனிதர் மறுமுனையில் இருக்கிறார் என்பதை எங்கள் வினைச்சொல்லே ஏற்கவில்லை. அவருக்கு அன்று விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. "யோசித்துச் சொல்லுகிறேன்" என்றேன். "யோசியுங்கோ. எனக்கும் ஆறு மணித்தியாலம் நித்திரை கொள்ளவேணும்" என்றார்.

அவர் பின்னர் எனக்கு அந்த விண்ணப்பப் படிவத்தின் பிரதியை அனுப்பினார். முன்கூட்டியே பார்த்துவைத்திருங்கள் என்றார். முதன்முதல் எங்கே, எப்போது சந்தித்தீர்கள்? ஒருவரையொருவர் அறிமுகப்படுத்தியவர் யார்? உறவு எவ்வாறு வளர்ந்தது? திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள்? பெற்றோர் வராவிடின் ஏன்? பரீட்சைத் தாள்களைத் திருத்தியே பழகிய எனக்கு, என் வாழ்வே ஒரு வினாத்தாளாக வந்தது. அந்நாட்டுக் குடிவரவு ஒழுங்குவிதிகளின்படி, திருமணம் மெய்யானதல்ல என்று கண்டாலோ, குடிவரவுத் தகுதி பெறுவதே அதன் முதன்மை நோக்கம் என்று கண்டாலோ மறுக்கலாம். 2010இல் திருத்துவதற்கு முன்னர் இரண்டும் சேரவேண்டியிருந்தது. இப்போது ஒன்று போதும். எங்கள் தரகர்களோ மணமகனின் பெயருக்கு முன்னரே நாட்டின் பெயரைச் சொல்லிப் பழகியவர்கள். "கனடா மாப்பிள்ளை" என்ற தொடரை அந்த உத்தியோகத்தர் மொழிபெயர்த்துப் படித்தால் எங்கள் சமூகம் முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியிருக்கும்.

இதனை நான் நகைச்சுவையாகவே அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கப்பலில் வந்தவர்களிடமும் இதே கேள்விதான் கேட்டார்கள் என்றார். உயிருக்குப் பயந்து வந்தாயா, பிழைக்க வந்தாயா, இரண்டில் ஒன்றைச் சொல். "ரெண்டும் எண்டு சொன்னால் எழுதுறதுக்கு அவையளின்ரை பேப்பரிலை இடமில்லை" என்றார்.

நான் வெளியேற விரும்புகிறேன் என்பது உண்மை. அந்தக் குரலை மேலும் கேட்க விரும்புகிறேன் என்பதும் உண்மை. எது முதன்மை என்று என்னையே கேட்டால் கிழமைக்குக் கிழமை விடை மாறுகிறது. வாடகை கட்டும் நாளில் ஒரு விடை. பிற்பகல் நாலரைக்கு வேறொரு விடை. பதினொரு மாதங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சீதனப் பேச்சை அவரே தரகரிடம் நிறுத்தச் சொன்னார். நான் தம்பியை எடுத்துவிடும் பேச்சை அம்மாவிடம் நிறுத்தினேன். அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கோப்பாய்க் காணி என் பெயரிலேயே இருக்கிறது. மணம் நடந்தால் அதன் விற்பனைக்கு வேண்டிய சம்மதத்தை முன்கூட்டியே எழுதித் தருவதாக அவர் சொன்னார். அப்படித் தருவதற்கும் அவருடைய கையொப்பந்தானே வேண்டும் என்றேன். அப்போதுதான் முதல்முறையாக அவர் வாய்விட்டுச் சிரிக்கக் கேட்டேன்.

வரும் டிசம்பர் விடுமுறையில் நானும் அம்மாவும் திருச்சிக்குப் போகிறோம். அவரும் அங்கு வருகிறார். திருமணத்துக்கன்று, பார்ப்பதற்கு. படிவத்தின் முதற் கேள்விக்கு அதுவரை விடையில்லை. என் விமானச் சீட்டை என் சம்பளத்தில் வாங்கியிருக்கிறேன். திரும்பி வருவதற்கும் சேர்த்து. மறு தவணை தொடங்கும் நாளன்று உயர்தர வகுப்புக்குக் கிளவியாக்கம் இருக்கிறது.